குவாட் 405-க்கு முன்னால் எந்த ப்ரீஆம்ப்? வால்வுக்கு மாறலாமா?

தம்புராநாதம்:
வணக்கம். இங்கே நாலைந்து வருஷமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என்னிடம் இருப்பது: 2 வோல்ட் தரும் டிஏசி (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி) ஒன்று, எம்எம் (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜ் போட்ட டர்ன்டேபிள், அதன் சின்ன சிக்னலைப் பெருக்கத் தனி ஃபோனோ பெட்டி, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் குவாட் 405, 91 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர். நடுவில், மூலத்தைத் தேர்ந்தெடுத்து வால்யூமைக் கூட்டிக் குறைக்க, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வாங்கிய ப்ரீஆம்ப்.

பகலில் சத்தமாக வைத்துக் கேட்கும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. ராத்திரி வீடு அடங்கின பிறகு மெதுவாக வைத்தால்தான் தொல்லை. பாடுகிறவர் நடுவில் நிற்பதில்லை, இடது பக்கம் நகர்ந்துவிடுகிறார். தம்புராவின் கார்வை இழைந்து அடங்குகிற இடத்தில் ட்வீட்டரிலிருந்து (மேல் ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர்) 'உஸ்' என்று இரைச்சல் மேலே வந்துவிடுகிறது. வால்யூம் குமிழை ஒரு மயிரிழை திருப்பினால் ஒன்றுமே கேட்காது, இன்னொரு மயிரிழை திருப்பினால் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள்.

நான் இசை கேட்பதே பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அதனால் இது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. ஒரு நல்ல வால்வு (வெற்றிடக் குழாய்) ப்ரீஆம்ப் வாங்கிவிடலாமா என்று மனசு சொல்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

வால்வு ஒளி:
தம்பி, வாங்க. கேட்டதும் எனக்கு வாய் ஊறுது, ஏன்னா இருபது வருஷமா நான் வால்வு ப்ரீஆம்ப்தான் வச்சிருக்கேன். ஈசிசி82 வால்வு ரெண்டு, அதுக்குப் பின்னால அடுத்த பெட்டியைச் சிரமமில்லாம ஓட்ட ஒரு கேத்தோடு ஃபாலோயர். குரல்ல ஒரு சதைப்பிடிப்பு வரும், வீணையில மீட்டுக்குப் பிறகு வர்ற நாதம் நிக்கும். நான் இதை விட்டு வேற எதுக்கும் போகப்போறதில்ல. நீங்களும் ஒரு தடவை கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

ஓம்விதி:
தம்புராநாதம், வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். ராத்திரி கேட்கும்போது குமிழ் எந்த இடத்தில் நிற்கிறது? கடிகார முள் கணக்கில் சொன்னால் போதும். உங்கள் ப்ரீஆம்ப் கையேட்டில் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) எத்தனை டெசிபல், அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியே கொடுக்கும் பக்கத்தின் மின்தடை) எவ்வளவு என்று போட்டிருக்கிறது? அந்த 'உஸ்' குமிழைத் திருப்பும்போது கூடிக் குறைகிறதா, அப்படியே இருக்கிறதா?

இந்த மூன்றும் தெரியாமல் எந்தப் பெட்டியைச் சொன்னாலும் அது குருட்டாம்போக்கில் சொன்னதாகத்தான் இருக்கும்.

தம்புராநாதம்:
குமிழ் ஏழு மணியில் தொடங்குகிறது. ராத்திரி ஏழரையைத் தாண்டுவதே இல்லை. பகலில் எட்டேகால், அதற்கு மேல் போனதாக ஞாபகம் இல்லை. கெயின் 20 டெசிபல், அவுட்புட் இம்பீடன்ஸ் 500 ஓம் என்று கையேட்டில் இருக்கிறது. இரைச்சல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குமிழை முழுசாக மூடினாலும் அதே அளவு.

ஓம்விதி:
அப்படியென்றால் நோய் தெரிந்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குவாட் 405 வந்தது 1975-ல். 8 ஓமில் 100 வாட் கொடுக்கும். அந்த முழு 100 வாட்டுக்கும் அதற்கு உள்ளே வேண்டியது வெறும் 0.5 வோல்ட். 8 ஓமில் 100 வாட் என்றால் வெளியே 28.3 வோல்ட். அதாவது இந்த ஆம்ப் உள்ளே வருவதை 56 மடங்குக்கு மேல் பெருக்குகிறது, சுமார் 35 டெசிபல். இன்றைக்கு வருகிற பவர் ஆம்புகளில் 26 முதல் 29 டெசிபல்தான் வழக்கம்.

ஏன் இப்படி? அந்தக் காலத்தில் ட்யூனரும் டேப் டெக்கும் சில நூறு மில்லிவோல்ட்தான் கொடுத்தன. 1967-ல் வந்த குவாட் 33 ப்ரீஆம்ப் வெளியே கொடுத்ததும் அதே 0.5 வோல்ட்தான். 303, 405 என்ற குவாட் பவர் ஆம்புகள் எல்லாம் அந்த அளவுக்குப் பொருந்தும்படி கட்டப்பட்டவை. 1982-ல் சிடி வந்தது, அதோடு 2 வோல்ட் வந்தது. ஒரு தலைமுறைக்குள் மூலத்தின் அளவு நாலைந்து மடங்கு ஏறிவிட்டது. ஆனால் ப்ரீஆம்ப் செய்கிறவர்கள் பலர் கெயினைக் குறைக்கவில்லை.

இப்போது உங்கள் கணக்கு. டிஏசி 2 வோல்ட். ப்ரீஆம்ப் அதைப் பத்து மடங்காக்கத் தயாராக நிற்கிறது, 20 வோல்ட். 405-க்கு வேண்டியது 0.5 வோல்ட். நாற்பது மடங்கு, 32 டெசிபல் அதிகம். ஆகவே குமிழின் ஓட்டத்தில் மேலே உள்ள 32 டெசிபல் உங்களுக்கு எந்தக் காலத்திலும் பயன்படாது. ராத்திரி கேட்கிற அளவு அதற்கும் கீழே இன்னொரு 35 டெசிபல். அந்த இடத்தில் குமிழோடு சேர்ந்து திரும்புகிற சாதாரண இரட்டை பொட்டென்ஷியோமீட்டரின் (திருப்பினால் மின்தடை மாறும் பாகம்) இரண்டு தடங்களும், சேனலுக்கு ஒன்று, ஒன்றுபோல் ஓடுவதில்லை. பாடகர் இடது பக்கம் நகர்வது அதனால்தான்.

இரைச்சலும் இதே கதைதான். குமிழை மூடினாலும் இருக்கிறது என்றால் அது குமிழுக்குப் பின்னால் இருக்கிற கெயின் பகுதியில் பிறக்கிறது. அதை 405 ஐம்பத்தாறு மடங்காக்கி ட்வீட்டருக்கு அனுப்புகிறது.

உங்கள் ப்ரீஆம்ப் கெட்டுப்போகவில்லை. அது செய்கிற வேலை உங்கள் செட்டுக்கு வேண்டாத வேலை, அவ்வளவுதான். இதே கெயினோடு பத்து மடங்கு உயர்ந்த பெட்டியை வாங்கி வைத்தாலும் குமிழ் அதே ஏழரையில்தான் நிற்கும்.

வால்வு ஒளி:
கணக்கு சரிதான் ஓம்விதி. என் வால்வு ப்ரீஆம்புக்கு 12 டெசிபல் கெயின். ஆனா என் பவர் ஆம்புக்கு முழு வாட்டுக்கு 2 வோல்ட் வேணும். அதனால எனக்கு இந்தத் தொல்லை வந்ததில்ல. இதை நான் யோசிக்காமலே வால்வு வாங்குங்கன்னு சொல்லிட்டேன்.

ஓம்விதி:
405-க்கு முன்னால் வால்வு வைக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 405-ன் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்குக் காட்டும் மின்தடை) 20 கிலோ ஓம். முன்னால் இருப்பதன் அவுட்புட் இம்பீடன்ஸ் இதில் பத்தில் ஒரு பங்குக்குள், அதாவது 2 கிலோ ஓமுக்குள் இருப்பது நல்லது. ஈசிசி83 வால்வின் ஆனோடு முனையிலிருந்து, கேத்தோடு ஃபாலோயர் இல்லாமல் நேராக எடுத்தால் நாற்பது கிலோ ஓமுக்குப் பக்கத்தில் வரும். அது 405-ஐ ஓட்டவே ஓட்டாது. உங்களுடையது போல கேத்தோடு ஃபாலோயர் இருந்தால் கவலை இல்லை.

அவுட்புட்டில் இருக்கிற கப்பாசிட்டரும் முக்கியம். 0.47 மைக்ரோஃபாரட் போட்டிருந்தால் 20 கிலோ ஓமில் 17 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் விழுந்துவிடும். 100 கிலோ ஓம் இன்புட் உள்ள ஆம்பில் அதே கப்பாசிட்டர் 3.4 ஹெர்ட்ஸ் வரை போகும். ஒரே பெட்டி ஒருவர் வீட்டில் கனமாகவும் இன்னொருவர் வீட்டில் மெலிந்தும் கேட்பதற்கு இப்படியும் காரணம் உண்டு.

நெடுங்கம்பி:
கெயினே வேண்டாம் என்றால் பேசிவ் போதுமே? உள்ளே மின்சாரம் இல்லை, இரைச்சல் இல்லை, ஒரு பொட்டென்ஷியோமீட்டரும் ஒரு செலக்டரும்தான். ஆனால் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் 50 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் வைத்து ஒரு பேசிவ் கட்டினேன். ஸ்பீக்கர் பக்கத்தில் பவர் ஆம்ப், நடுவில் 7 மீட்டர் கேபிள். ஜால்ரா ஒலிக்கு விளிம்பே இல்லாமல் போய்விட்டது. மாசக்கணக்கில் ஸ்பீக்கரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். 50 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் மோசமான நிலையில் 12.5 கிலோ ஓம் அவுட்புட் இம்பீடன்ஸ் காட்டும். கேபிள் மீட்டருக்கு 150 பிக்கோஃபாரட், மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். இரண்டும் சேர்ந்தால் 12 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபல் சரிவு.

10 கிலோ ஓம் போட்டு, கேபிளை ஒரு மீட்டருக்குச் சுருக்கினேன். சரியாகிவிட்டது. தம்புராநாதம், உங்கள் கேபிள் எவ்வளவு நீளம்?

தம்புராநாதம்:
ஒரு மீட்டர்தான். 405-ன் பின்னால் டின் (DIN, பல முள் போகும் வட்டமான) சாக்கெட், அதனால் ஒரு பக்கம் ஆர்சிஏ, மறுபக்கம் டின் போட்ட கேபிள். பேசிவ் வைத்தால் ரிமோட் இருக்காதே என்றுதான் தயங்குகிறேன். என் அம்மாவும் இதில்தான் பாட்டு கேட்கிறார். முழங்கால் வலியோடு ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து குமிழைத் தொடச் சொல்ல முடியாது.

ஓம்விதி, உங்கள் கணக்கை நோட்டில் எழுதி மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். நன்றி. இத்தனை வருஷம் நான் 'ஒலியின் தரம்' என்று நினைத்துத் தவித்தது வெறும் அளவுப் பொருத்தம்தான் என்று தெரிந்தபோது மனசு லேசாகிவிட்டது.

புதுக்காது:
ஒரு சந்தேகம். டிஏசியிலேயே வால்யூம் இருக்கிறதே, நேராக 405-க்குக் கொடுத்தால் என்ன? ப்ரீஆம்பே வேண்டாமே. டிஜிட்டலில் குறைத்தால் பிட் போய்விடும் என்கிறார்கள், அது உண்மையா?

ஓம்விதி:
ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் கணக்கு. 16 பிட் பாட்டை 24 பிட் வழியாக அனுப்பினால் 48 டெசிபல் வரை குறைத்தாலும் மூலத்தின் பிட் எதுவும் கணக்களவில் போகாது. உண்மையான எல்லை டிஏசியின் அனலாக் பகுதியின் இரைச்சல். 110 டெசிபல் சுத்தமுள்ள டிஏசி என்றால் 405-ஐத் தாண்டி ஸ்பீக்கரில் வருவது அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவு, கேட்காது. 96 டெசிபல் உள்ள பழையது என்றால் நிசப்தமான அறையில் ஒரு மீட்டரில் கேட்கும்.

இருந்தாலும் இந்த செட்டில் நான் அதைச் செய்யமாட்டேன். மென்பொருள் ஒரு தடவை தடுமாறி முழு 2 வோல்ட்டையும் விட்டுவிட்டால், 405-க்கு வேண்டியதைப் போல நாலு மடங்கு உள்ளே போகும். ஸ்பீக்கர் அந்த ஒரு நொடியில் முடிந்துவிடும். இடையில் ஒரு பெட்டி நின்று தடுப்பது நல்லது. மேலும் அவருக்கு டர்ன்டேபிளும் உண்டு.

சுருள்நாடா:
இதைப் படித்தபோது எனக்கு நடந்தது ஞாபகம் வந்தது. பவர் ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது ப்ரீஆம்பின் பிளக்கை உருவிவிட்டேன். வூஃபர் கூம்பு முன்னால் பாய்ந்து திரும்பியதைக் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து போடும்போது ப்ரீஆம்ப் முதலில், பவர் ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். புதுசு வாங்குகிறவர்கள் அவுட்புட்டில் மியூட் ரிலே (ஒலியைத் துண்டித்து வைக்கும், மின்சாரத்தில் இயங்கும் சின்ன ஸ்விட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் போய் வரும்போது அதுதான் காப்பாற்றும்.

என்னிடம் குவாட் 303 இருக்கிறது. அதற்கும் 0.5 வோல்ட்தான். எனக்கும் குமிழ் எட்டு மணியைத் தாண்டுவதில்லை. நீங்கள் எல்லாரும் சொல்வது என் வீட்டுக் கதையும்தான்.

ஓம்விதி:
இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எதையும் வாங்குவதற்கு முன் நாலு ரெசிஸ்டர் வாங்குங்கள். ஒரு சேனலுக்கு 9.1 கிலோ ஓம் ஒன்று, 1 கிலோ ஓம் ஒன்று. ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம். 9.1 கிலோ ஓமைக் கம்பியில் தொடராக வையுங்கள். அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம். 405-ன் 20 கிலோ ஓமையும் சேர்த்தால் மொத்தம் 20.5 டெசிபல் குறையும். கேபிளில் பவர் ஆம்ப் பக்கத்து முனையில் இதை வைக்க வேண்டும், ப்ரீஆம்ப் பக்கத்தில் வேண்டாம். அப்போதுதான் கேபிளில் ஏறுகிற இரைச்சலும் சேர்ந்து குறையும்.

ப்ரீஆம்புக்குத் தெரிகிற சுமை 10 கிலோ ஓம். 500 ஓம் அவுட்புட் அதைத் தாராளமாக ஓட்டும். முழு 100 வாட்டுக்கு ப்ரீஆம்ப் 5.3 வோல்ட் தர வேண்டியிருக்கும். ±15 வோல்ட்டில் ஓடுகிற ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) எதுவும் அதைச் சிரமமில்லாமல் தரும்.

முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். டிஏசியிலிருந்து முழு அளவில் 400 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன், குமிழ் ராத்திரி கேட்கிற இடத்தில், மல்டிமீட்டரை ஏசியில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில். சாதாரண மீட்டர்களில் பலவும் கிலோஹெர்ட்ஸ் அளவில் பொய் சொல்லும், அதனால்தான் 400.

பின்னிரவு:
அளவைப் பற்றியே பேசுகிறோம். மெதுவாகக் கேட்கிறவர்களுக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. சத்தம் குறைந்தால் நம் காது பாஸை மற்றதை விட அதிகமாக இழக்கிறது. ஃபிளெச்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வளைவுகளாகப் போட்டார்கள். ராத்திரியில் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போவது ப்ரீஆம்பின் குற்றம் இல்லை.

இதனால்தான் பழைய பெட்டிகளில் லவுட்னஸ் பொத்தானும் டோன் கண்ட்ரோலும் இருந்தன. பிறகு 'சுத்தம்' என்ற பெயரில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். எனக்கு வயசு அறுபத்து நாலு, மேல் ஸ்தாயி முன்புபோல் கேட்பதில்லை. ட்ரெபிளை இரண்டு டெசிபல் ஏற்றினால் வயலின் எனக்கு மறுபடி வயலினாகக் கேட்கிறது. பேக்ஸண்டால் 1952-ல் வெளியிட்ட அந்த டோன் சர்க்யூட் இன்றைக்கும் வேலை செய்கிறது. நடுவில் வைத்தால் தட்டையாக இருக்கும். எடுத்துவிடுவதால் என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை.

தம்புராநாதம், நீங்கள் வாங்கும் பெட்டியில் இது இருந்தால் ஒதுக்காதீர்கள். உங்கள் அம்மாவின் காதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்புராநாதம்:
ஒரு வாரம் ஆயிற்று. ரெசிஸ்டர் வைத்துக் கேபிள் செய்தேன். முதல் தடவை பற்றவைத்ததில் ஒரு பக்கம் கிரவுண்ட் சரியாகப் பிடிக்காமல் ஹம் வந்தது, மறுபடி செய்தேன்.

அளந்தது இது. ராத்திரி கேட்கிற அளவில், பழைய கேபிளோடு இடது 0.52 வோல்ட், வலது 0.40. புதுக் கேபிளோடு, அதே சத்தத்துக்குக் குமிழை ஏற்றி வைத்தபோது இடது 0.52, வலது 0.485. குமிழ் இப்போது ஒன்பதரை மணியில் நிற்கிறது. விரலுக்கு வேலை செய்ய இடம் கிடைத்துவிட்டது.

'உஸ்' போய்விட்டது. ட்வீட்டரில் காதை ஒட்டி வைத்தால்தான் ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது. நேற்று ராத்திரி தம்புரா அடங்கும் வரை கேட்டேன். அடங்கின பிறகு வருகிற அந்த வெறுமையையும் கேட்டேன். பதினைந்து வருஷத்தில் என் அறையில் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஓம்விதி:
0.52-க்கு 0.40 என்றால் 2.3 டெசிபல் வித்தியாசம். பாடகர் நகர்ந்ததில் ஆச்சரியமே இல்லை. இப்போது 0.6 டெசிபல். நான்கு ரெசிஸ்டருக்கு நல்ல பலன்.

0.6 இன்னும் கொஞ்சம் அதிகம்தான். பொட்டென்ஷியோமீட்டரோடு இதற்கு மேல் போவது கடினம்.

வால்வு ஒளி:
தம்பி, அந்தக் கடைசி வரியைப் படிச்சு எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

தம்புராநாதம்:
நன்றி சார். இப்போது கேள்வி மாறிவிட்டது. கெயின் இல்லாமல், ரிமோட்டோடு, இரண்டு சேனலும் ஒத்துப்போகிற வால்யூமோடு ஒரு ப்ரீஆம்ப் வேண்டும். என்னென்ன வகை இருக்கிறது?

ஃபோனோவுக்குக் கெயின் வேண்டாமா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஓம்விதி:
ஃபோனோவை முதலில் முடித்துவிடலாம். எம்எம் கார்ட்ரிட்ஜ் சராசரியாக 5 மில்லிவோல்ட் தரும். உங்கள் ஃபோனோ பெட்டி 40 டெசிபல், நூறு மடங்கு, பெருக்கினால் 0.5 வோல்ட். 405-க்கு வேண்டியதும் அதுவேதான். ஆக எந்த மூலத்துக்கும் உங்களுக்குக் கெயின் வேண்டாம்.

வால்யூம் வகைகள். மோட்டார் வைத்த பொட்டென்ஷியோமீட்டருக்கு ரிமோட் உண்டு, ஆனால் தடங்கள் ஒத்துப்போகாத குறை அப்படியே இருக்கும். நல்லதாகப் பொறுக்கி எடுத்தாலும் அடிமட்டத்தில் நம்ப முடியாது. சிப் வகை உண்டு. சிஎஸ்3310, பிஜிஏ2310 இரண்டும் அரை டெசிபல் படியில் இறங்கும், சேனல்கள் மிக நெருக்கமாக ஒத்துப்போகும். முன்னது ±5 வோல்ட்டில் ஓடுகிறது, பின்னது ±15. பேலன்ஸ்டு 4 வோல்ட் மூலம் வைத்திருப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் முக்கியம், உங்களுக்கு இல்லை. சிப் என்றதும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அளந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதற்குக் காரணம் இல்லை.

எனக்குப் பிடித்தது ரிலே வகை. ரெசிஸ்டர்களை ரிலேக்கள் மாற்றி மாற்றிக் கோக்கும். ஒரு சதவீத ரெசிஸ்டர் என்றாலே இரண்டு சேனலும் எந்த அளவிலும் 0.1 டெசிபல் பக்கத்தில் நிற்கும். வால்யூம் மாற்றும்போது பெட்டிக்குள் கிளிக் கிளிக் என்று கேட்கும், சிலருக்கு அது பிடிக்காது. மட்டமாகச் செய்தவற்றில் படி மாறும்போது ஸ்பீக்கரிலும் சின்னச் சொடக்கு வரும், அதைக் கேட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். பின்னால் கெயின் இல்லாத ஒரு பஃபர் (சிக்னலைப் பெருக்காமல், அடுத்த பெட்டியை ஓட்டும் பலம் மட்டும் தரும் பகுதி) இருந்தால் கேபிள் நீளம், இன்புட் இம்பீடன்ஸ் பற்றிய கவலையே இல்லை. நெடுங்கம்பிக்கு நடந்தது உங்களுக்கு நடக்காது.

நெடுங்கம்பி:
பஃபர் என்பது நான் அன்றைக்கே வைத்திருக்க வேண்டியது. சின்னதுதான், ஆனால் பேசிவின் எல்லாத் தொல்லையும் அதோடு போய்விடுகிறது.

வால்வு ஒளி:
தம்பி, ரிலே பெட்டி ஒண்ணு கைக்கு வந்ததும் சொல்லுங்க. என் வால்வு ப்ரீஆம்பைத் தூக்கிட்டு வர்றேன். ரெண்டையும் பக்கத்துல வச்சுக் கேட்போம். உங்களுக்காக மட்டும் இல்ல, எனக்கும் தெரிஞ்சுக்கணும்.

ஓம்விதி:
கேட்பதானால் ஒழுங்காகக் கேளுங்கள். இரண்டின் அளவும் 0.1 டெசிபலுக்குள் ஒத்திருக்க வேண்டும், வோல்ட்டில் ஒரு சதவீதம். கொஞ்சம் சத்தமாக இருப்பது எப்போதும் 'நன்றாக' இருப்பதாகவே தோன்றும், சத்தம் என்று தோன்றாது. எது ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது. 16 தடவை கேளுங்கள். வெறும் ஊகத்திலேயே எட்டு சரியாக வரும். பன்னிரண்டு அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் வித்தியாசம் கேட்கிறது என்று நம்பலாம்.

தம்புராநாதம்:
இரண்டு மாசம் கழித்து எழுதுகிறேன். ரிலே வால்யூம், கெயின் இல்லாத பஃபர், மூன்று இன்புட், ரிமோட், மியூட் ரிலே உள்ள ஒன்று கிடைத்தது. வாங்குவதற்கு முன் படி மாற்றி மாற்றிக் கேட்டேன், ஸ்பீக்கரில் சொடக்கு இல்லை. டோன் கண்ட்ரோல் இல்லை. பின்னிரவு அவர்கள் சொன்னது மனசில் இருக்கிறது, அதை டிஏசி பக்கத்திலேயே மென்பொருளில் சரிசெய்து வைத்தேன். அம்மாவுக்கு ஒரு அமைப்பு, எனக்கு ஒன்று.

ராத்திரி அளவில் இடது 0.505, வலது 0.50 வோல்ட். பாடகர் நடுவில் நிற்கிறார்.

போன ஞாயிறு வால்வு ஒளி சார் பெட்டியோடு வந்தார். அவருடைய ப்ரீஆம்புக்கு 12 டெசிபல் கெயின் என்பதால் அதன் பக்கம் மட்டும் ரெசிஸ்டர் கேபிளைப் போட்டோம். அவுட்புட் கப்பாசிட்டர் 2.2 மைக்ரோஃபாரட், அதனால் 10 கிலோ ஓம் சுமையிலும் 7 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. 400 ஹெர்ட்ஸ் டோன் போட்டு இரண்டையும் 1.00 வோல்ட்டுக்குக் கொண்டுவந்தோம். என் தங்கை துணிக்குப் பின்னால் உட்கார்ந்து காசு சுண்டி மாற்றினாள்.

16-க்கு நான் சரியாகச் சொன்னது 9.

வால்வு ஒளி:
நானும் உக்காந்தேன். 16-க்கு 10. மறைக்க ஒண்ணும் இல்ல, அதையும் எழுதுறேன். ஆறாவது தடவை வரைக்கும் எனக்கு முழு நிச்சயம், 'இதுதான் என்னோடது, குரல்ல அந்தச் சதை இருக்கு'ன்னு மனசுக்குள்ள சொல்லிட்டே இருந்தேன். துணியை எடுத்தப்போ அதுல மூணு தடவை தப்பு.

இருபது வருஷமா நான் கேட்டது என்னன்னு அன்னிக்கு ராத்திரி முழுக்க யோசிச்சேன்.

ஓம்விதி:
சார், அவசரப்பட்டு எல்லாவற்றையும் தள்ளிவிடாதீர்கள். நீங்கள் இத்தனை நாள் கேட்டது பொய் என்று இந்தச் சோதனை சொல்லவில்லை. வால்வு தானாகச் சேர்க்கிற இரண்டாம் ஹார்மோனிக் (மூல ஒலியைப் போல இரண்டு மடங்கு அதிர்வெண் உள்ள ஒலி) அது எவ்வளவு வோல்ட் ஆடுகிறதோ அதோடு கூடும். தம்புராநாதம் கேட்கிற அளவில் 405-க்கு வேண்டியது மில்லிவோல்ட் கணக்கு. ரெசிஸ்டர் கேபிளைச் சேர்த்தாலும் உங்கள் வால்வு அரை வோல்ட்கூட ஆடவில்லை. வால்வின் குணம் வெளியே வர அங்கே இடமே இல்லை. உங்கள் வீட்டில் பவர் ஆம்புக்கு 2 வோல்ட் வேண்டும், நீங்கள் சத்தமாகவும் கேட்பவர். அங்கே அது வேறு மாதிரி இருக்க வாய்ப்பு உண்டு. இதே சோதனையை உங்கள் வீட்டில் உங்கள் செட்டில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

வால்வு ஒளி:
செய்யணும். தம்பி அந்த ரிலே பெட்டியோட வர்றதாச் சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் என் வால்வு என் அலமாரியிலேயே இருக்கும். அதை நான் கையால பற்றவச்சுக் கட்டினேன், அது எரியுறதைப் பார்த்துக்கிட்டே கேக்குறது எனக்குப் பிடிக்கும்.

சுருள்நாடா:
எனக்கு ஒரு உதவி. 303-க்கு இன்புட் இம்பீடன்ஸ் 22 கிலோ ஓம். அதே 9.1, அதே 1 கிலோ ஓம் போதுமா? எனக்குப் பற்றவைத்துப் பழக்கம் இல்லை.

ஓம்விதி:
அதேதான். 20-க்கும் 22-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

தம்புராநாதம்:
சுருள்நாடா சார், என் ரெசிஸ்டர் கேபிள் இப்போது சும்மாதான் கிடக்கிறது. உங்கள் 303-ன் பின்னால் என்ன சாக்கெட் என்று ஒரு படம் எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். முனையை மாற்ற வேண்டுமென்றால் மாற்றி, இரண்டு பக்கமும் அளந்து பார்த்துவிட்டு அனுப்பி வைக்கிறேன்.